துறைமுகத்தில் தீர்ப்பு, கடைத்தெருவில் விலை

2026 ரமளானின் முதல் வாரம். அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் டைல்ஸும் குழாய்ச் சாமான்களும் விற்கும் சகோதரர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். கையில் இருப்புச் சரக்கின் கணக்கு நோட்டு.

"ஹஜ்ரத், ஜக்காத்துக்குச் சரக்கை என்ன விலைக்குப் போடுவது? வாங்கின விலைக்கா, இன்றைய விலைக்கா?"

ஆண்டுதோறும் கேட்கப்படும் கேள்விதான். வியாபாரச் சரக்கை ஆண்டு நிறைவடையும் நாளின் சந்தை விலையில் மதிப்பிட வேண்டும் என்று கூறினேன். அவர் குறித்துக்கொண்டார். ஆனால் எழுந்து செல்லவில்லை.

"இன்னொன்றும் கேட்கிறேன். அமெரிக்காவில் இறக்குமதி வரி செல்லாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டதாம். கட்டினவர்களெல்லாம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்களாம். நம் நாட்டிலும் டைல்ஸ் வரியைப் பற்றி ஒரு தீர்ப்பு வந்ததே! அப்போது எங்களுக்கு ஏன் ஒரு காசும் வரவில்லை?"

முதற் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் விடை கூறிவிட்டேன். இரண்டாவதற்குக் கூற இயலவில்லை. நான் சட்டம் பயின்றவனல்லன். கல்லூரியில் வரலாறு படித்து, பின்னர் மதரஸாவில் ஓதிக் கொடுக்க வந்தவன். ஆயினும் அவர் குறிப்பிட்ட வழக்கு எந்தக் காலத்துச் சரக்கைப் பற்றியதோ, அந்தக் காலத்தை நான் நேரில் அறிவேன். பட்டப் படிப்பு முடித்த கையோடு என் மாமாவின் டைல்ஸ் கடையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். எனவே சிதம்பரத்தில் வழக்கறிஞராக இருக்கும் நண்பரின் துணைகொண்டு தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். அவற்றுள் சில்லறை வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்குப் பயன்படக் கூடியவற்றை இங்கு எழுதுகிறேன்.

நாற்சந்திக் கடைத்தெரு

சேத்தியாத்தோப்பு, கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர். கிழக்கே சென்றால் சிதம்பரம், மேற்கே விருத்தாசலம், வடக்கே வடலூர், தெற்கே காட்டுமன்னார்கோயில். ஊரை ஒட்டி எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புப் பணம் விவசாயியின் கைக்கு வரும்போதுதான் பல வீடுகளில் நின்றுபோன கட்டட வேலை மீண்டும் தொடங்கும். லால்பேட்டை, பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளின் சம்பாத்தியத்தில் எழும்பும் வீடுகள் தனி. இவ்விரண்டு வருவாயையும் நம்பித்தான் இங்கே டைல்ஸ் கடைகள் நடக்கின்றன.

மேற்கே இருக்கும் விருத்தாசலமோ பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் அரசினர் பீங்கான் தொழில்நுட்பக் கழகமும் அங்குள்ளன. அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை முதலியவை அங்குள்ள சிறு சூளைகளில் வெந்து வெளியே வருகின்றன. ஆனால் இன்று வீட்டுத் தரையில் பதிக்கப்படும் பளபளப்பான பெரிய டைல்ஸ் அந்தச் சூளைகளிலிருந்து வருவதன்று. அது பெரும்பாலும் குஜராத் மாநிலத்து மோர்பியிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் சீனத்திலிருந்தும் கப்பல் கப்பலாக வந்தது. நம் கதை அந்தச் சீனத்து டைல்ஸைப் பற்றியது.

வரி இருந்ததா, இல்லையா?

ஒரு நாட்டு வியாபாரி தன் நாட்டில் விற்கும் விலைக்கும் குறைவாகப் பிற நாட்டில் கொண்டுவந்து கொட்டி, அங்குள்ள தொழிலை நசிக்கச் செய்தால், அதைத் தடுக்க விதிக்கப்படும் தனி வரிக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி என்று பெயர். உள்நாட்டு உற்பத்தியாளர்கள் முறையிட வேண்டும். வர்த்தக அமைச்சகத்தின் அதிகாரி விசாரித்துப் பரிந்துரைப்பார். நிதி அமைச்சகம் அறிவிக்கை வெளியிடும். விசாரணை முடியும் வரை தொழில் பொறுத்திருக்க முடியாது என்பதால், நடுவே தற்காலிக வரி ஒன்றை விதிக்க இடமுண்டு. அதன் ஆயுள் சாதாரணமாக 6 மாதம். விசாரணை முடிந்தபின் வருவது இறுதி வரி.

சீனத்திலிருந்தும், நம்மவர் பலர் பணிபுரியும் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்தும் வந்த விட்ரிஃபைடு டைல்ஸுக்கு 2002 மே 2 அன்று தற்காலிக வரி விதிக்கப்பட்டது. 2002 நவம்பர் 1 அன்று அதன் காலம் முடிந்தது. இறுதி வரிக்கான அறிவிக்கையோ 2003 மே 1 அன்றுதான் வெளிவந்தது. அந்த அறிவிக்கை, வரியைப் பழைய தேதியிலிருந்தே, அதாவது 2002 மே 2 முதலே கணக்கிட்டது.

அப்படியானால் நடுவில் கிடந்த 6 மாதம்? நவம்பர் தொடங்கி ஏப்ரல் முடிய வந்திறங்கிய சரக்கிற்கு அன்றைய நிலையில் தற்காலிக வரியும் இல்லை, இறுதி வரியும் இல்லை. பின்னால் வந்த அறிவிக்கை முன்னால் வந்த சரக்கைப் பிடிக்குமா, பிடிக்காதா? வழக்கின் முடிச்சு இதுதான்.

அந்த 6 மாதத்தை மாமாவின் கடையிலிருந்து பார்த்தவன் நான். மே மாதம் வரி வந்ததும் மொத்த வியாபாரி விலையை ஏற்றினார். அதில் குறை கூற ஒன்றுமில்லை. நவம்பரில் தற்காலிக வரி தீர்ந்தது. விலை இறங்கவில்லை! மாமா தொலைபேசியில் கேட்டபோது, "பாய், மறுபடியும் வரி வரத்தான் போகிறது, பழைய தேதியில் போடுவார்கள், அப்போது நான் எங்கே போவது?" என்றார் மொத்த வியாபாரி. அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. பின் தேதியிட்ட வரி வந்து தலையில் விழுமோ என்ற அச்சம் உண்மையானதுதான். ஆகவே வரி இல்லாத 6 மாதத்திலும் வரி சேர்ந்த விலைக்கே நாங்கள் வாங்கினோம். அந்த விலையிலேயே விற்க முயன்றோம். சிலர் வாங்கினார்கள். பலர் உள்ளூர் மொசைக்கிற்கும் சிவப்பு ஆக்ஸைடு தரைக்கும் திரும்பிப் போனார்கள். வீட்டின் முன்னறைக்கு மட்டும் டைல்ஸ், பின்கட்டுக்குச் சிமென்ட் என்று கொத்தனார் கணக்குப் போட்டுக் கொடுத்த காலம் அது.

விற்காமல் தங்கிய பெட்டிகளுள் சிலவற்றை மாமா கிட்டங்கியிலிருந்து எடுத்து மதரஸாத் தாழ்வாரத்திற்குக் கொடுத்துவிட்டார். இன்றும் பிள்ளைகள் அதன்மேல் அமர்ந்துதான் ஓதுகிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து

அந்த நடுக்காலச் சரக்கிற்கு வரி செல்லுமா என்ற கேள்வி படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. பெங்களூரு சுங்க ஆணையர் ஒரு பக்கம், ஜி.எம். எக்ஸ்போர்ட்ஸ் முதலிய இறக்குமதியாளர்கள் மறு பக்கம். நீதியரசர்கள் ஏ.கே. சிக்ரி, ரோகின்டன் நரிமன் ஆகியோர் 2015 செப்டம்பர் 23 அன்று தீர்ப்பளித்தார்கள்.

அரசுத் தரப்பின் வாதம் எளிமையானது. தற்காலிக வரி விதிக்கப்பட்ட நாள் முதலே இறுதி வரியை விதிக்கலாம் என்று 1995-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எனவே முதல் நாள் தொட்டு இடைவிடாமல் வரி உண்டு என்றார்கள். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. இந்த விதிகள் உலக வர்த்தக ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காக நம் நாட்டில் இயற்றப்பட்டவை. அந்த ஒப்பந்தமோ, தற்காலிக வரி நடைமுறையில் இருந்த காலத்திற்கு மட்டுமே இறுதி வரியைப் பின்னோக்கிச் செலுத்த இடம் தருகிறது. ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகும் வகையில்தான் உள்நாட்டு விதிக்குப் பொருள் காண வேண்டும். ஆகவே தற்காலிக வரி தீர்ந்ததற்கும் இறுதி வரி பிறந்ததற்கும் இடைப்பட்ட காலத்துச் சரக்கிற்கு இந்த வரி கிடையாது என்று முடிவு செய்தது.

சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் அழகிய தீர்ப்பு! குடிமகனுக்கு அறிவிக்கப்படாத வரியைப் பின்னர் வந்து கேட்கலாகாது என்பது எவருக்கும் விளங்கக் கூடிய நியாயம். ஆனால் கடைக்காரனின் கண்கொண்டு நோக்குங்கள். 2003-இல் இறங்கிய டைல்ஸைப் பற்றி 2015-இல் தீர்ப்பு வருகிறது. அந்த டைல்ஸ் என்றோ விற்றுப் போயிற்று. அதன்மேல் நடந்து பழகிய குழந்தை பள்ளியில் மேல் வகுப்புக்குப் போய்விட்டது. வரி சேர்ந்த விலையைக் கொடுத்தவர் யார், அதனால் வியாபாரம் இழந்தவர் யார் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. மாமாவின் கடைப் பெயர் அந்த வழக்கில் வர வழியே இல்லை. வரி துறைமுகத்தில், இறக்குமதியாளரின் பெயரில், அவருடைய சுங்கப் பத்திரத்தின் மீது விதிக்கப்படுகிறது. சட்டத்திற்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

பணம் யாரிடம் திரும்பும்?

இனி அந்தச் சகோதரர் கேட்ட கேள்விக்கு வருவோம். செல்லாத வரியாகவோ, கூடுதல் வரியாகவோ கட்டிய பணம் திரும்புவதற்கு என்ன வழி?

1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. திருப்பிக் கேட்பவர், வரிச் சுமையைத் தாமே சுமந்ததாக, வேறெவர் தலையிலும் ஏற்றவில்லை என்பதாக நிரூபிக்க வேண்டும். 1991-இல் செய்யப்பட்ட திருத்தம், சுமை வாங்கியவர் மீது ஏற்றப்பட்டுவிட்டது என்றே முதலில் அனுமானித்துக் கொள்ளச் சொல்கிறது. அனுமானத்தை உடைப்பது கேட்பவரின் பொறுப்பு. அவரால் முடியாவிட்டால்? அரசும் அந்தப் பணத்தைத் தன் வருவாயாக வைத்துக்கொள்வதில்லை; அது நுகர்வோர் நல நிதியில் சேர்க்கப்படும்.

இந்த ஏற்பாடு சரியா என்று 9 நீதியரசர்கள் கொண்ட அமர்வு மஃபத்லால் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் ஆராய்ந்தது. 1996 டிசம்பர் 19 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, ஏற்பாட்டை ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளரிடம் ஒருமுறை வாங்கிவிட்டு, அதே பணத்தை அரசிடம் மறுமுறை வாங்குவது முறையற்ற ஆதாயம் என்பது அதன் அடிப்படை. இந்த இடத்தில் நம் கிதாபுகள் பயின்றவர்களுக்கு வியப்பேதும் ஏற்படாது. பிறர் பொருளை உரிமையின்றி உண்ணலாகாது என்பதைத்தான் நீதிமன்றம் தன் மொழியில் கூறியிருக்கிறது.

அதே தீர்ப்பில் வியாபாரிகள் கூர்ந்து படிக்க வேண்டிய இன்னொரு முடிவும் உண்டு. வேறொருவர் தொடுத்த வழக்கில் அவர் வென்றார் என்பதைக் காட்டி, வழக்காடாத ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. 2019 செப்டம்பர் 18 அன்று ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. இறக்குமதியாளர் தாமே மதிப்பிட்டுக் கட்டிய வரியானாலும், அந்த மதிப்பீட்டை முறைப்படி எதிர்த்து மாற்றிக் கொள்ளாமல், வெறும் மனுவின் மூலம் பணம் திரும்பப் பெற இயலாது என்று அறிவித்தது. ஆகவே, "தீர்ப்பு வந்துவிட்டது, எல்லோருக்கும் பணம்" என்று கடைத்தெருவில் பேசப்படும் பேச்சுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.

சரி, இறக்குமதியாளருக்கே இந்தப் பாடு என்றால், சில்லறை வியாபாரிக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இதைப் படித்தபோது நானே வியந்து போனேன். 27-ஆம் பிரிவு, வரியைக் கட்டியவரை மட்டுமன்றி, அதன் சுமையைத் தாங்கிய வாங்குபவரையும் பணம் கேட்க அனுமதிக்கிறது. அவரும் அந்தச் சுமையை அடுத்தவர்மேல் ஏற்றியிருக்கக் கூடாது. ஓராண்டுக் கெடு அவருக்குச் சரக்கு வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். வாசல் இருக்கிறது. ஆனால் அந்த வாசலில் நுழைய எத்தனை பேரால் முடியும்? அவர் கைவசமுள்ள பில்லில் இறக்குமதி வரி எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டுமே!

வேடிக்கை என்னவென்றால், அப்படி எழுத வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. விலையில் அடங்கிய வரித் தொகையை விற்பனைப் பட்டியலில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது வரி கட்டுபவருக்கு 28சி பிரிவு இட்ட கடமை. ஆனால் சென்னையில் ஒரு கை, புதுச்சேரியில் ஒரு கை, அங்கிருந்து மற்றொரு கை என்று மாறி நம்மூருக்கு வரும் சரக்கில் முதற்கை காட்டிய தொகை மூன்றாம் கையில் மறைந்து போகிறது. மாமாவின் கடையில் நான் கோத்து வைத்த எண்ணற்ற பில்களில் ஒன்றில்கூட அப்படி ஒரு வரியை நான் கண்டதில்லை.

2017 ஜூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. பில்லில் வரி தனித்தனியாக அச்சாகிறதே என்று சிலர் எண்ணக் கூடும். அது வேறு வரி. துறைமுகத்தில் செலுத்தப்படும் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரிக்குக் கைக்குக் கை வரவு உண்டு. அடிப்படைச் சுங்க வரிக்கும் பொருள் குவிப்புத் தடுப்பு வரிக்கும் வரவு கிடையாது. அவை விலைக்குள் கரைந்துவிடும். பாலில் கலந்த நீரைப் போல, இருப்பது தெரியும். பிரித்துக் காட்ட முடியாது.

பிரித்துக் காட்ட முடியாதபோது என்ன ஆகும் என்பதற்குச் சென்னை வழக்கு ஒன்றே சான்று. அடிசன் அண்ட் கம்பெனி என்னும் உற்பத்தியாளர், ஆண்டு விற்பனைக்கேற்பத் தம் விநியோகஸ்தர்களுக்குப் பிற்பாடு தள்ளுபடி கொடுத்தார்கள். அந்த அளவுக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டார்கள். அது சுங்க வரியன்று, உற்பத்தி வரி. ஆயினும் கோட்பாடு ஒன்றுதான். 2016 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம், விநியோகஸ்தரோடு பார்வை நின்றுவிடலாகாது, கடைசியாக வாங்கிப் பயன்படுத்துபவர் வரை சுமை போயிற்றா என்று பார்க்க வேண்டும் எனக் கூறி மறுத்துவிட்டது.

கடைசியாக வாங்குபவர்! மதிப்பிற்குரிய சொல்தான். ஆனால் சேத்தியாத்தோப்பில் வீடு கட்டிய கரும்பு விவசாயிக்கு அந்த நல நிதியிலிருந்து எதுவும் அவர் பெயருக்கு வராது. நிதி பொது, இழப்பு தனி. பணம் தவறான கைக்குப் போகாமல் சட்டம் தடுத்திருக்கிறது. சரியான கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியை அது காணவில்லை. இது என் கருத்து.

எவரும் வழக்காடாத இழப்பு

வரி ஏறும்போது உண்டாகும் நட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இறங்கும்போது உண்டாகும் நட்டத்தைச் சில்லறை வியாபாரியைத் தவிர வேறெவரும் அறியார்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒருவர் 100 பெட்டிகளைப் பெட்டி 1,000 ரூபாய் வீதம் வாங்கி அடுக்கியிருக்கிறார். அந்த 1,000 ரூபாயில் 200 ரூபாய் இறக்குமதி வரி. நாளைக் காலை அந்த வரி நீங்குகிறது. அடுத்த தெருக் கடைக்காரர் 800 ரூபாய்க்கு வாங்கி, 900-க்கு விற்கத் தொடங்குகிறார். முன்னவர் என்ன செய்வார்? 1,000 ரூபாய்ச் சரக்கை 900-க்கு விற்றாக வேண்டும். 100 பெட்டியில் 10,000 ரூபாய் கைப்பணம் போயிற்று. இவர் கொடுத்த விலையில் அடங்கிய 20,000 ரூபாய் வரி, துறைமுகத்தில் வேறொருவர் பெயரில் கட்டப்பட்டது. அது முறைப்படி கட்டப்பட்ட வரியாதலால் திரும்பவும் வராது.

அந்தச் சகோதரர் ஜக்காத்துக் கேள்வியையும் வரிக் கேள்வியையும் ஒன்றாகக் கேட்டதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சரக்கைச் சந்தை விலையில் மதிப்பிடுங்கள் என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். விலை இறங்கிய ஆண்டில் ஜக்காத்துக் குறையும், அது அவருக்கு ஆறுதல்தான். ஆனால் முதலும் அல்லவா குறைந்து போகிறது! கடன் வாங்கி அடுக்கிய சரக்காக இருந்தால், கடன் பழைய விலையிலேயே நிற்கும்.

விருத்தாசலத்துச் சூளையின் பக்கம்

இவ்வளவும் கேட்டுவிட்டு, வரியே கூடாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சேத்தியாத்தோப்பிலிருந்து பேருந்தில் ஏறி விருத்தாசலத்தில் இறங்கினால் வேறொரு நியாயம் கேட்கும். களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, மெருகிட்டு மீண்டும் சுட்டு எடுக்கும் பண்டம், கப்பலில் வந்த பண்டத்தோடு விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. கடலுக்கு அப்பாலுள்ள ஆலை அடக்க விலைக்கும் கீழே கொட்டினால் சிறு சூளை அணைந்துவிடும். அணைந்த சூளையை மீண்டும் பற்ற வைப்பது அத்தனை எளிதன்று. வார்ப்பவர், மெருகிடுபவர், வைக்கோல் வைத்துக் கட்டி அடுக்குபவர் எல்லோரும் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

சீனப் பீங்கான் தட்டு, கோப்பை முதலிய சமையலறைப் பண்டங்களுக்கு 2017 ஜூன் மாதம் மத்திய அரசு தற்காலிகப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. 2018 பிப்ரவரியில் இறுதி வரி வந்தது. விட்ரிஃபைடு டைல்ஸுக்கும் 2016-இல் புதிதாகத் தற்காலிக வரியும் 2017 ஜூனில் இறுதி வரியும் வந்தன. உள்நாட்டுப் பீங்கான் தொழிலுக்கு அவை மூச்சுவிட அவகாசம் தந்தன. அதே நாளில் பாத்திரக்கடைக்காரருக்கும் டைல்ஸ் கடைக்காரருக்கும் கொள்முதல் விலையை ஏற்றின. ஒரே சாலையின் இரு முனைகளில் ஒரே அறிவிக்கை இப்படி இருவிதமாகப் படிக்கப்படுகிறது. எனக்கு வரியின் மீது வழக்கில்லை. அது எப்போது வரும், எதுவரை நிற்கும், எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்பது தெரியாமல் இருப்பதுதான் சிறு வியாபாரியைக் கொல்கிறது.

பதிலுக்குப் பதில் வரி என்ற பேச்சு இன்று புதிதாகத் தோன்றியதன்று. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், முஸ்லிம் வியாபாரிகள் அந்நிய நாடுகளுக்குச் செல்லும்போது அங்கே பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள் என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதியபோது, அவர்கள் வாங்கும் அளவே நீங்களும் அவர்களிடம் வாங்குங்கள் என்று மறுமொழி வந்ததை அபூயூஸுஃப் அவர்கள் தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்திருக்கிறார்கள். அதோடு 200 திர்ஹத்திற்குக் குறைந்த சரக்கிற்கு ஒன்றும் வாங்கலாகாது என்ற வரம்பும் இருந்தது. அளவு முன்னரே தெரியும். சிறு வியாபாரிக்கு விலக்கு உண்டு. பாடத்தில் இதைப் பலமுறை நடத்தியிருந்தும், அந்த 200 திர்ஹத்தின் அருமை இப்போதுதான் எனக்கு உறைத்தது.

அமெரிக்கத் தீர்ப்பு

சகோதரர் குறிப்பிட்ட அமெரிக்கச் செய்திக்கும் வருவோம். 1977-ஆம் ஆண்டு அவசரகாலப் பொருளாதாரச் சட்டம் ஒன்றைக் காட்டி, 2025-இல் அதிபர் டிரம்ப் பல நாட்டுச் சரக்குகளுக்கும் வரி விதித்தார். நியூயார்க்கில் மது இறக்குமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றும், குழந்தைகளுக்கான கல்விப் பொம்மைகளை விற்கும் நிறுவனம் ஒன்றும் தனித்தனியே வழக்குத் தொடுத்தன. 2025 மே 28 அன்று அந்நாட்டுப் பன்னாட்டு வர்த்தக நீதிமன்றம் வரி செல்லாது என்றது. ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே கூறியது. 2026 பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம், 6 பேர் ஒரு பக்கமும் 3 பேர் மறு பக்கமுமாக, அந்தச் சட்டம் வரி விதிக்க அதிகாரம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. வசூலான பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்பதற்குப் பெரும்பான்மைத் தீர்ப்பு வழி வகுக்கவில்லை.

காஸ்ட்கோ என்னும் பெரும் சில்லறை நிறுவனம் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2025 நவம்பரில், தன் பணத்தைக் காத்துக்கொள்ள வழக்குப் போட்டுவிட்டது. அதனால் முடிந்தது, ஏனெனில் அதுவே நேரடியாக இறக்குமதியும் செய்கிறது. மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்கும் தெருமுனைக் கடைக்காரர் அந்நாட்டிலும் நம் மாமாவின் நிலையில்தான் இருக்கிறார். சுங்கப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை.

இதன் மறுமுனையில் நம் சமுதாயத்தவரும் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி கேட்கப்பட்டபோது, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலும் காலணியும் செய்து அனுப்புவோர் திகைத்துப் போனார்கள். வரியை அங்குள்ள வாங்குபவர்தான் கட்டுகிறார். ஆனால் அவர் கேட்ட தள்ளுபடியைக் கொடுத்தவர் இங்குள்ளவர். விலையைக் குறைத்துக் கொடுத்தவருக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் என்ன இடம்?

தராவீஹுக்குப் பின்

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரரிடம் ஒரே நாளில் கூற முடியவில்லை. தராவீஹுக்குப் பின் மூன்று நான்கு இரவுகள் பேசினோம். மேலும் இரண்டு கடைக்காரர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். பேச்சின் முடிவில் அவர்களே சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டார்கள்.

வெளிநாட்டுச் சரக்கு வாங்கும்போது, விலையில் அடங்கிய சுங்க வரி எவ்வளவு என்பதை மொத்த வியாபாரி பில்லிலோ தனித் தாளிலோ எழுதித் தர வேண்டும் என்று கேட்பது. அறிவிக்கை வந்து 30 நாளுக்குள் விலை மாறினால், விற்காத சரக்கிற்குப் பாதி வித்தியாசத்தை அவர் ஏற்பது என்று வாங்கும்போதே எழுதிக்கொள்வது. வரி வரப் போகிறது என்ற வதந்தியை நம்பிக் கடனில் சரக்கு அடுக்குவதில்லை. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கொட்டேஷனில், இந்த விலை எத்தனை நாளைக்கு என்று தேதி போடுவது. இந்தக் கடைசி இரண்டைத் தவிர மற்றவற்றுக்கு மொத்த வியாபாரி இசைய வேண்டும். ஒரு கடைக்காரர் கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் போவார். சிதம்பரம் முதல் விருத்தாசலம் வரையுள்ள கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் சிரிக்க மாட்டார் என்பது அவர்கள் எண்ணம்.

பெருநாள் கழிந்து இரண்டு வாரம் சென்றபின் அந்தச் சகோதரரைக் கடைத்தெருவில் கண்டேன். கல்லாவில் அமர்ந்தபடியே ஒரு தாளை எடுத்து நீட்டினார். புதுச்சேரியிலிருந்து வந்த பில். அடியில் பேனாவால் ஒரு வரி சேர்க்கப்பட்டு, கையொப்பமும் இடப்பட்டிருந்தது.

"சுங்க வரியை எழுதிவிட்டார், ஹஜ்ரத். வித்தியாசத்தில் பாதி ஏற்பதற்கு மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்கிறார்."